மணி பிளான்ட் காடாகிவிட்டதா? அறிகுறி பார்த்து வெட்டுங்கள்

உங்கள் வீட்டு மணி பிளான்ட் பூத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க வழியில்லை. பூப்பதற்கு வேண்டிய ஜிப்பரெல்லின் என்ற ஹார்மோனை இந்தச் செடியால் சரிவர உருவாக்க முடியாது. அதற்கான மரபணு ஒன்று இதில் வேலை செய்வதில்லை என்று 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பூ இல்லாததால் விதையும் கிடையாது. பசிபிக் கடலில் டஹீட்டிக்குப் பக்கத்திலுள்ள மோரேயா தீவின் கொடி இது. அங்கிருந்து நம் பால்கனி வரை வந்தது, யார் யாரோ ஒடித்துக் கொடுத்த துண்டுகளாகவேதான். இதைத் திருடி வைத்தால்தான் நன்றாக வளரும் என்று நம் ஊரில் சொல்வார்கள். கேட்டால் யாரும் மறுக்காத செடியை எதற்குத் திருட வேண்டும் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். விதை இல்லாத இந்தச் செடிக்கு மறுபிறப்பு முழுக்கக் கணுவில் இருக்கிறது. ஒரு கொடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இலைக்காம்பு தண்டில் சேரும் இடத்தில் மெல்லிய வளையம் ஓடும், தண்டு அங்கே கொஞ்சம் புடைத்திருக்கும், அதுதான் கணு. வளையத்தை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு முண்டு நீட்டிக்கொண்டிருக்கும், அதுதான் காற்றுவேர். காம்பின் அக்குளுக்குள் அரிசியைவிடச் சின்னதாக ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும். வேர் வருவது முண்டிலிருந்து, புதுக்கொடி வருவது மொட்டிலிருந்து. இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள வழுவழுப்பான தண்டில் இரண்டும் இல்லை. கீழே வரும் கோளாறுகளில் சில, கணுவைப் பார்க்காமல் வெட்டியதால் வந்தவை.

வெட்டுவதற்கு நல்ல கூர்மையான கத்தரிக்கோல் போதும். கை கழுவும் சானிடைசரை இரண்டு சொட்டு விட்டு அலகைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கொடி பத்தடி ஓடிவிட்டது, தொட்டிப் பக்கம் மொட்டையாக இருக்கிறது

காடாகிவிட்டது என்று வருபவர்களில் பெரும்பாலோரின் புகார் இதுதான். ஜன்னல் கம்பி, திரைச்சீலை, புத்தக அலமாரி என்று கொடி ஊர்சுற்றிக்கொண்டிருக்கும். தொட்டியை எட்டிப் பார்த்தால் காய்ந்த மண்ணும் நாலைந்து வெறும் தண்டுகளும்தான்.

காரணம் எளிது. வளரும் நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது கீழ்க்கணுக்களின் மொட்டுகளை எழவிடாமல் அமுக்கி வைக்கிறது. நுனி இருக்கும்வரை அடியில் துளிர் வராது. அடியில் இருந்த பழைய இலைகளோ வயதாகி, வெளிச்சம் இல்லாமல், ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்துவிடுகின்றன.

உடனே எல்லோரும் செய்வது நுனியைக் கிள்ளுவது. அதனால் பயன் குறைவு. புதுத்துளிர் பெரும்பாலும் வெட்டிய இடத்துக்கு நேர் கீழே உள்ள ஒன்று அல்லது இரண்டு கணுக்களில்தான் வரும். பத்தடிக் கொடியின் நுனியைக் கிள்ளினால், ஒன்பதரை அடியில் கிளை பிரியும். அடி மொட்டை அப்படியே இருக்கும்.

அடியில் இலை வேண்டுமானால் அடியில்தான் வெட்ட வேண்டும். மண்ணிலிருந்து மேலே இரண்டு மூன்று கணுக்களை விட்டுவிட்டு, மூன்றாவது கணுவுக்கு அரை சென்டிமீட்டர் மேலே நறுக்குங்கள். ஒட்டி வெட்டினால் மொட்டு காய்ந்துபோகும். நீளமாக விட்டாலும் ஆபத்தில்லை, அந்த மிச்சத் தண்டு தானாகக் கருகி விழும்.

வெறும் தண்டை நம்பி வெட்டலாமா என்று பயம் வரும். நகத்தால் தண்டை லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் இலையே இல்லாத கணுவும் துளிர்க்கும். பழுப்பாகவோ நார்நாராகவோ இருந்தால் அந்தத் தண்டு போய்விட்டது. இன்னும் கீழே இறங்கிச் சுரண்டிப் பச்சை தெரியும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

வேர் நன்றாக இருக்கும் மணி பிளான்ட் மொத்தக் கொடிகளையும் ஒரே நாளில் இழந்தாலும் பிழைத்துவிடும். ஆனாலும் நான் பாதிக் கொடிகளை மட்டும் வெட்டச் சொல்வேன். அவை துளிர்விட்ட பிறகு மீதிப் பாதி. செடிக்குச் சாப்பாடு சமைக்க எப்போதும் கொஞ்சம் இலை இருக்கும், உங்களுக்கும் தூக்கம் கெடாது.

இதைச் செய்த பிறகும் தொட்டி கடையில் பார்த்த மாதிரி அடர்த்தியாக வராது. வெட்டிய தண்டு ஒவ்வொன்றும் ஒரு துளிர், மிஞ்சினால் இரண்டு துளிர்தான் தரும். நர்சரித் தொட்டி புதர்போல நிறைந்து தெரிவதன் ரகசியத்தைத் தெரிந்துகொள்ள மண்ணைக் கொஞ்சம் கிளறினால் போதும். அது ஒரே செடியாக இருக்காது. ஆறு, எட்டு, பத்து துண்டுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். வெட்டிய கொடியிலிருந்து துண்டு எடுத்து வேர்விட வைத்து, அதே தொட்டியின் நடுவில் உள்ள வழுக்கையில் நடுங்கள். வெட்டுவதும் துண்டு போடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள்.

வெட்டினால் காசு போய்விடும் என்று வீட்டில் பெரியவர்கள் கையைப் பிடிக்கிறார்களா? அதற்கும் வழி உண்டு. நீளக் கொடியைத் திருப்பிக் கொண்டுவந்து தொட்டி மண்மேல் வட்டமாகச் சுற்றுங்கள். ஒவ்வொரு கணுவும் மண்ணில் படும்படி கொண்டை ஊசியால் அழுத்திக் குத்திவிடுங்கள். மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் கணுக்கள் அங்கேயே வேர் பிடிக்கும். மல்லிகைக்குப் போடுகிற அதே பதியம்தான். நன்றாக வேர் இறங்கிய பிறகு, கணுக்களுக்கு நடுவே ஒருநாள் சத்தமில்லாமல் நறுக்கிவிடலாம். ஒவ்வொரு கணுவும் தனிச்செடியாகித் துளிர்விடும்.

வெட்டி ஒரு மாதம் ஆகிறது, துளிரே வரவில்லை

நல்ல வெப்பமும் வெளிச்சமும் இருந்தால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் மொட்டு பருத்து, பச்சைக் கூம்பாக முனை காட்ட வேண்டும். வரவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்.

முதலில், வெட்டியதற்குக் கீழே கணு மிச்சம் இருக்கிறதா? மண்மட்டத்தில் ஒட்ட நறுக்கியிருந்தால் மண்ணுக்குள் புதைந்த கணுவிலிருந்து வரலாம், வராமலும் போகலாம்.

அடுத்து வெளிச்சம். கூடத்தின் மூலையில், டிவி அருகில் வைத்த தொட்டியில் துளிர் வர மாதக்கணக்கில் ஆகும். கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் கொண்டுவாருங்கள். மேற்கு வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம், இலை வெளுத்துக் கருகிவிடும்.

மூன்றாவதுதான் பெரும்பாலான தொட்டிகளைக் கொல்வது. அது தண்ணீர். செடி உறிஞ்சும் தண்ணீரில் பெரும்பங்கு இலை வழியாக ஆவியாகித்தான் வெளியே போகிறது. முக்கால்வாசி இலையை வெட்டி எடுத்துவிட்டால் தொட்டி முன்பு மாதிரி காயாது. நாமோ 'பாவம், வெட்டியிருக்கிறோம்' என்று வழக்கத்தைவிட ஒரு சொம்பு கூடுதலாக ஊற்றுகிறோம். மண் சேறாகி, காற்று போக வழியில்லாமல் வேர் அழுகும். அடியில் மிஞ்சியிருந்த தண்டும் மஞ்சளாகிச் சொதசொதவென்று ஆகும். வெட்டியதால்தான் செத்தது என்று பழி கத்தரிக்கோல்மேல் விழும். வெட்டிய பிறகு விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மண் தொட்டியோ பிளாஸ்டிக் தொட்டியோ, தூக்கிப் பார்த்து எடையைப் பழகிக்கொள்வது இன்னும் நல்லது.

கடைசியாகக் காலம். கத்திரி வெயிலில், மே மாதம் முழுக்க, பெரிய வெட்டு வேண்டாம். ஆடி, ஆவணியில் செய்தால் சீக்கிரம் துளிர்க்கும். மார்கழிக் குளிரில் செடி சோம்பலாக இருக்கும், பொறுத்திருங்கள்.

இலை வர வரச் சிறுத்துக்கொண்டே போகிறது

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பிரித்துப் பார்க்க வேண்டும்.

கணுவுக்கும் கணுவுக்கும் இடையே ஒரு சாண் தூரம், தண்டு மெலிவு, இலை சின்னது, நிறம் வெளிறல். இவையெல்லாம் சேர்ந்திருந்தால் வெளிச்சப் பஞ்சம். செடி வெளிச்சத்தைத் தேடி ஓடுகிறது. இடத்தை மாற்றிய பிறகு வெட்டுங்கள். மாற்றாமல் வெட்டினால் புதுத்துளிரும் அதே நோஞ்சானாகத்தான் வரும்.

கணு இடைவெளி சரியாக இருக்கிறது, நிறமும் நன்றாக இருக்கிறது, இலை மட்டும் கீழே போகப்போகச் சிறுக்கிறது என்றால், கொடி தொங்குவதுதான் காரணம். மணி பிளான்ட் மரமேறும் கொடி. பிடித்து ஏற ஏதாவது கிடைத்தால் ஒவ்வொரு இலையும் முந்தையதைவிடப் பெரிதாகும். கன்னியாகுமரி, கேரளப் பக்கம் பலா மரத்திலும் தென்னையிலும் ஏறியிருப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இலை முழங்கை நீளத்துக்கு வந்து ஓரத்தில் கிழிசலும் விழுந்திருக்கும். நம் பாட்டிலில் இருப்பதும் அதுவும் ஒரே செடி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

பெரிய இலை வேண்டுமென்றால் தென்னை நார் சுற்றிய கம்பம் நட்டு ஏற்றிவிடுங்கள். கம்பத்தை நட்டால் மட்டும் போதாது, அதை ஈரமாக வைக்க வேண்டும். காய்ந்த நாரில் காற்றுவேர் பிடிக்காது. சும்மா கட்டி வைத்த கொடியாக நிற்கும், இலையும் பெரிதாகாது. தினமும் கம்பத்துக்குத் தண்ணீர் தெளிக்கப் பொறுமை இல்லாதவர்கள், தொங்கவிட்டு அவ்வப்போது வெட்டிக்கொள்வதே மேல்.

பாட்டிலில் போட்டேன், வேர் வரவே இல்லை

துண்டைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாருங்கள். கணு இருக்கிறதா? இலையும் நீளமான காம்பும் மட்டும் இருந்தால் அது துண்டே இல்லை. சில சமயம் அந்தக் காம்பின் அடியில் நாலு வேர்கூட வரும், மாதக்கணக்கில் பச்சையாகவும் நிற்கும். ஆனால் மொட்டு இல்லாததால் அதிலிருந்து புதுக்கொடி எந்தக் காலத்திலும் வராது. அழகுக்கு வைத்துக்கொள்ளலாம், செடியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

கணு இருக்கிறது என்றால், அது தண்ணீருக்குள் இருக்கிறதா? வெயில் காலத்தில் பாட்டில் மட்டம் சட்டென்று இறங்கிவிடும். கணு வெளியே நின்று, கணுவில்லாத வால் மட்டும் தண்ணீரில் கிடக்கும்.

சரியான துண்டு இப்படி இருக்க வேண்டும்: ஒன்று அல்லது இரண்டு கணு, ஒன்றிரண்டு இலை, கடைசிக் கணுவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் வால். காற்றுவேர் முண்டு தடிப்பாக இருக்கும் கணுவாகப் பார்த்து எடுங்கள், சீக்கிரம் வேர்விடும். தண்ணீருக்குள் மூழ்கும் இலையைக் கிள்ளிவிடுங்கள். நீளக் கொடியை அப்படியே பாட்டிலில் செருகுவதைவிட, அதையே ஐந்தாறு துண்டாக்கினால் ஐந்தாறு செடி. இலையில்லாத பச்சைத் தண்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கணுவுக்கு ஒரு துண்டாக நறுக்கி, ஈரமான கோகோபீட் (தென்னை நார்த்தூள்) மேல் படுக்கவைத்துப் பாதி புதையும்படி அழுத்துங்கள். ஐஸ்கிரீம் டப்பா போதும், மூடியை லேசாகச் சாய்த்து வையுங்கள். இவை மெதுவாகத்தான் வரும், ஆனால் வரும்.

நம் ஊர் வெப்பத்துக்குப் பாட்டிலில் இரண்டு மூன்று வாரத்தில் வேர் தெரிய வேண்டும். அதற்குமேல் இழுத்தால் தண்ணீரைப் பாருங்கள். குளோரின் கலந்த மெட்ரோ குழாய்த் தண்ணீராக இருந்தால் ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கை சுடும், அதை ஆறவைக்காமல் பாட்டிலில் விடாதீர்கள். ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அதில் உப்பு செறிந்திருக்கும். அதை வைத்து வீட்டைத் துடைக்கலாம், துண்டுகளுக்கு வேண்டாம்.

வேர்விடும் பவுடர் வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். ரோஜா, செம்பருத்தி போன்ற கட்டைத் தண்டுகளுக்கு அது உதவும். கணுவில் வேர்முண்டை ஏற்கெனவே தயாராக வைத்திருக்கும் செடிக்கு எதற்கு? தேன், பட்டைத்தூள், கற்றாழைச் சாறு எல்லாவற்றுக்கும் என் பதில் அதுதான். பாட்டிலில் தேன் விட்டால் எறும்புதான் வரும்.

துண்டின் அடி கறுத்து அழுகுகிறது

முகர்ந்து பாருங்கள், சாக்கடை வாடை அடிக்கும். தண்ணீரில் மூழ்கிய இலை அழுகியிருக்கலாம், மழுங்கிய கத்தியால் நசுங்க வெட்டியிருக்கலாம், தண்ணீர் மாற்றாமல் விட்டிருக்கலாம். கறுத்த பகுதிக்கு மேலே, கெட்டியாகவும் பச்சையாகவும் உள்ள இடம் வரை நறுக்கி எறியுங்கள். வெட்டிய முகத்தில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் ஒரு துண்டு மேலே. பிறகு நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் காயவிட்டு, சோப்பு போட்டுக் கழுவிய பாட்டிலில் புதுத் தண்ணீர் விட்டு வையுங்கள். ஒரே பாட்டிலில் பத்து துண்டு திணித்திருந்தால் பிரித்து வையுங்கள். ஒன்று அழுகினால் அந்தத் தண்ணீரிலேயே மற்றதும் நிற்கிறது.

கண்ணாடி பாட்டிலில் பச்சைப் பாசி படிவது வேறு விஷயம். அதனால் துண்டு சாகாது. பார்க்கத்தான் அசிங்கம். பழுப்புப் பாட்டிலுக்கு மாற்றினாலோ, காகிதம் சுற்றினாலோ நின்றுவிடும்.

பாட்டிலில் புழு நெளிகிறது

இதைத் தள்ளிப்போடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இந்த மாதிரித் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். மழைக்காலத்தில் வீடு வீடாக வரும் மாநகராட்சி சுகாதாரப் பணியாளர்கள் ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டுக்கு அடுத்தபடியாக மணி பிளான்ட் பாட்டிலைத்தான் கேட்பார்கள். புழு இருந்தால் அபராதமும் போடலாம்.

வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுவது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, ஏடிஸ் தன் முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டிலின் உட்சுவரில் ஒட்டி வைக்கும் என்பது. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினால் முட்டை அங்கேயேதான் இருக்கும். அது மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், ஈரம் பட்டதும் பொரியும். ஆகவே பாட்டில் பிரஷ் போட்டு உட்சுவரைத் தேய்க்க வேண்டும். புழு உள்ள தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் வெயில் படும் காய்ந்த தரையில் கொட்டுங்கள். பாட்டில் வாயில் தண்டைச் சுற்றிப் பஞ்சு அடைத்தாலோ, துணி வலை கட்டினாலோ கொசு உள்ளே நுழையாது. வாய் அகன்ற கிண்ணம், மீன்தொட்டி மாதிரியானவற்றில் மணி பிளான்ட் வளர்ப்பது மழைக்காலத்தில் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. வேர் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.

வேர் நிறைய இருக்கிறது, கொடி வளரவில்லை

வெறும் தண்ணீரில் மாதங்களாக நிற்கிறது, சாப்பாடு இல்லை. தொடர்ந்து தண்ணீரிலேயே வைக்க விரும்பினால், தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தை ஒரு லிட்டருக்குக் கால் கிராம் கரைத்து மாதம் ஒருமுறை கொடுக்கலாம். பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் மண்ணுக்கு நல்லவை, பாட்டிலில் ஊற்றினால் அறையில் உட்கார முடியாது.

மண்ணுக்கு மாற்றியதும் துவண்டுவிட்டது

தண்ணீரில் வந்த வேர் வெள்ளையாக, நொறுங்குகிற மாதிரி இருக்கும். மண்ணில் ஈரம் தேடிப் போய்ப் பழக்கமில்லாத வேர் அது. அரையடி வரை வளரவிட்டு மாற்றினால் பாதி உடைந்துவிடும், மீதி திணறும். இரண்டு மூன்று அங்குலம் வந்ததும் மாற்றுவதே சரி.

துவண்டது தெரிந்தால் உரம் போடாதீர்கள், வெயிலிலும் வைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் மண் சேறாகாமல், ஆனால் காயவும் விடாமல் ஈரமாக இருக்க வேண்டும். இந்த இரண்டு வாரம் மட்டும் 'காய்ந்த பிறகு தண்ணீர்' என்ற விதி பொருந்தாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைத் தொட்டிமேல் தளர்வாகக் கவிழ்த்து வைத்தால் இலை தலைதூக்கும். பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளானால் விட்டுவிடுங்கள். நுனியில் சுருட்டிய புது இலை வந்தால் வேர் மண்ணைப் பிடித்துவிட்டது என்று பொருள்.

மண்கலவை இதுதான்: செம்மண், மண்புழு உரம், கழுவிய கோகோபீட் மூன்றும் சமமாக, கூட இரண்டு கை ஆற்றுமணல். தோட்டத்துக் களிமண்ணை மட்டும் நிரப்பினால் காய்ந்ததும் கட்டியாகிவிடும். தொட்டி அடித்துளையைக் கட்டாயம் பாருங்கள். அழகான பீங்கான் தொட்டிகள் பலவற்றில் துளையே இருப்பதில்லை.

தண்ணீர் ஊற்றியதும் நேராக அடியில் ஓடிவிடுகிறது

தொட்டிக்குள் மண்ணைவிட வேர் அதிகம். கவிழ்த்துத் தட்டி எடுத்தால் தொட்டி வடிவத்திலேயே வேர்க்கூடு வரும். சுற்றிய வேரை விரலால் பிரித்து, அடியில் கால் பங்கைக் கத்தியால் வெட்டி, அதே நாளில் கொடியையும் அதே அளவுக்குக் குறைத்து, இரண்டு அங்குலம் மட்டும் பெரிய தொட்டியில் வையுங்கள். ஒரேயடியாக வாளி அளவு தொட்டிக்குப் போனால் வேர் இல்லாத மண் ஈரத்திலேயே கிடந்து புளிக்கும்.

மஞ்சள் வரிகள் மறைந்து எல்லாம் பச்சையாக வருகிறது

வெளிச்சம் குறைந்தால் மஞ்சள் தீற்றல் மங்கும். இடம் மாற்றினால் அடுத்து வரும் இலைகளில் திரும்பும், பழைய இலை மாறாது. வெளிச்சம் நன்றாக இருந்தும் ஒரு கொடி மட்டும் முழுப்பச்சையாகப் போகிறது என்றால், அதைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்து, நல்ல வரி உள்ள கடைசி இலையின் கணுவுக்கு மேலே வெட்டுங்கள். பச்சைக் கொடி வேகமாக வளரும். விட்டால் தொட்டி முழுதும் அதுதான் இருக்கும். முழு வெள்ளையாக வரும் கொடியையும் அப்படியே பின்னோக்கிப் போய் வெட்டுங்கள். அதில் பச்சையம் இல்லாததால் துண்டு போட்டாலும் தனியாகப் பிழைக்காது. துண்டுக்குத் தேர்ந்தெடுக்கும்போது தண்டிலேயே மஞ்சள் கோடு ஓடும் கணுவாகப் பாருங்கள்.

காம்பு அக்குளில் வெள்ளைப் பஞ்சு

மாவுப்பூச்சி. அது உட்காருவதும் கணுவில்தான். எறும்பு ஏறி இறங்கினால் சந்தேகப்படுங்கள். மோசமான கொடிகளை வெட்டி மூட்டை கட்டிக் குப்பையில் போடுங்கள். மீதியில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கலக்குவதற்குச் சில சொட்டுச் சோப்புத் திரவம் சேர்த்து, மாலையில் அக்குள்களில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம். இந்தக் கொடியிலிருந்து யாருக்கும் துண்டு கொடுக்காதீர்கள். தோழி வீட்டு ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும்.

சுவரில் ஏறிய கொடியை இழுத்தால் பெயிண்ட் உரிகிறது

இழுக்காதீர்கள். கொடியை அங்கங்கே நறுக்கி, துண்டுகளைச் சுவரிலேயே சில நாள் வாடவிடுங்கள். தண்டு தளர்ந்ததும் எடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் காற்றுவேர்களை ஈரத்துணியால் ஊறவைத்து, பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். தடம் கொஞ்சம் இருக்கும், அடுத்த பெயிண்டிங் வரை.

வெட்டிய பிறகு கை அரிக்கிறது

மணி பிளான்ட், சேம்பு, கருணை, சேனை எல்லாம் ஒரே குடும்பம். சேனை நறுக்கும்போது அரிப்பதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் சாற்றிலும் உண்டு. அதிகமாக வெட்டும் நாளில் கையுறை போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய், பூனை, தவழும் குழந்தை மென்றால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். வாயைக் கழுவிவிட்டு, நாக்கு வீங்கினாலோ விழுங்கச் சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் போங்கள். வெட்டிய துண்டுகளைத் தரையில் பரப்பிவிட்டுக் காபி குடிக்கப் போக வேண்டாம்.

வெட்டியதில் பாதி மிச்சம், என்ன செய்வது

கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்த பிறகும் ஒரு கூடை மிஞ்சும். அதைக் காலிமனையிலோ வாய்க்கால் ஓரத்திலோ வீசாதீர்கள். ஈரமுள்ள இடத்தில் ஒவ்வொரு கணுவும் வேர்பிடித்து மரத்தில் ஏறிவிடும். இந்தியா, இலங்கை உட்பட வெப்பநாடுகள் பலவற்றில் இது இப்படித்தான் காட்டுக்குள் போனது. உரக்குழியில் பச்சையாகப் போட்டாலும் குழிக்குள்ளேயே துளிர்க்கும். மொட்டைமாடியில் பரப்பி, தண்டு ஒடித்தால் 'டக்'கென்று முறியும் அளவு காயவிட்டு, பிறகு குழியில் போடுங்கள்.